ஞாயிற்றுக்கிழமைச் செண்டுப்பூ

"சாமி படத்துக்கு ரெண்டு செண்டுப்பூ கிள்ளிக்கட்டுமா?"

"தொடாத அன்னம். அது வேற ஆளுக்கு."

விழிதியூர்க் கொல்லையில் குஞ்சிதபாதம் நுனி கிள்ளி, எரு வைத்து வளர்த்த செடிகள். ஞாயிறுதோறும் பூத்ததையெல்லாம் பறித்துக்கொண்டு சைக்கிளில் காரைக்கால் போய்விடுவான்.

"அரசலாத்தங்கரைப் பக்கம் போறாராம், எங்க வீட்டுக்காரர் பார்த்திருக்காரு" என்றாள் பக்கத்து வீட்டுக் கமலாம்பாள்.

"செண்டுப்பூவ எவ தலையில வப்பா?"

"தலைக்கு எதுக்கு? மாலை மாத்திக்கிட்டாரோ என்னமோ!"

அன்னபூரணிக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கித் தந்தவனில்லை.

அடுத்த ஞாயிறு அவனுக்கு முன்பே பஸ் ஏறிப்போய், ஆற்றங்கரைப் பூவரச மரத்தின் பின்னால் நின்றாள். அவன் வந்தான். சற்றுத் தள்ளிக் குந்தி, யாரிடமோ கொஞ்சிக் கொஞ்சிப் பேசினான்.

பொறுக்க முடியாமல் பாய்ந்து வந்தாள். "யாரு அவ? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

திடுக்கிட்டு எழுந்தான். அவன் காலடியில் கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு மண்மேடு, நிறையச் செண்டுப்பூ.

"நீ ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடந்தப்ப இங்கதான் பொதச்சேன். எடம் தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு சொல்லல."

அன்னபூரணி மண்ணில் உட்கார்ந்தாள். ஏழு வருஷத்துக்கு முன்பு இறந்தே பிறந்த மகளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"யாரு சாயல்?"

"உன் சாயல்தான்."

"ஏழு வருஷமா நீங்க மட்டும் வந்து கொஞ்சிக்கிட்டு இருந்தீங்களா?" அவள் அவன் கையிலிருந்த பூப்பையை வாங்கிக்கொண்டாள். "நகருங்க. மிச்சப் பூவ நான் வைக்கிறேன்."