விட்டுப்போன கட்டம்

"இதெல்லாம் ஒரு புகாரா?" இன்ஸ்பெக்டர் தாளை நாலாகக் கிழித்து வீசினார். "நேரம் இல்ல, இடம் இல்ல. போம்மா, ஒழுங்கா எழுதிட்டு வா."

துண்டுகளைப் பொறுக்கும்போது அந்த மாணவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பின்னால் இருந்த பத்தொன்பது மாணவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். காவல்துறை நடத்தும் இளைஞர் தலைமைப் பயிற்சியின் மூன்றாம் நாள். ஸ்டேஷன் மாடியில் புகார் எழுதும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கட்டம்'. புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே மாட்டார். கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார். கீழே கவுண்டரில் கால் கடுக்க நிற்கிற ஜனங்களையும் அந்த மகானுபாவர் இப்படித்தான் விரட்டுவார்.

இரண்டாவது தாளும் கிழிந்தது.

"காயம்னு போட்டா போதுமா? டாக்டர் சர்டிபிகேட் எங்க? சாட்சி எங்க? நீயெல்லாம் நாலு பேருக்குத் தலைமை தாங்கப் போறியாக்கும்! இன்னொரு தடவை தப்பாச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

பயிற்சிப் படிவங்கள் தீர்ந்திருந்தன. பாதியை அவரே கிழித்திருந்தார். எரிச்சலோடு கீழேயிருந்து ஸ்டேஷன் படிவம் ஒன்றை வரவழைத்து அவள் முன்னால் போட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால், மார்க்கெட் வாசல். கைவண்டியில் வெங்காயம் விற்கும் பெண், வயது நாற்பத்தெட்டு, அடித்ததில் வலது மணிக்கட்டு முறிவு. பையிலிருந்து டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்து இணைத்தாள். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் தாங்களாகவே எழுந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"பலே! சர்டிபிகேட்கூட சீலோட தயார் பண்ணிட்டியே!" இன்ஸ்பெக்டர் அன்றைக்கு முதல் தடவையாகப் பல்லைக் காட்டினார். "எல்லாரும் பாத்துக்குங்க. மிச்சத்தையும் நிஜமாவே செஞ்சு காட்டுறேன்."

கையெழுத்துப் போட்டார், சீல் குத்தினார். ஏட்டைக் கூப்பிட்டுப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னார். புகாருக்கு நம்பர் விழுந்தது.

"நம்பர் விழுந்தாச்சு. இனி கமிஷனரே வந்தாலும் இதக் கிழிக்க முடியாது."

அவள் ரசீதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அட, ஒரு கட்டம் விட்டுப்போச்சே!" இன்ஸ்பெக்டர் படிவத்தை அவளிடமே திருப்பி நீட்டினார். "அடிச்சவன் பேரு எங்கம்மா?"

அவள் பேனா மூடியைத் திறந்தாள்.

"எங்கம்மாவ அடிச்சது நீங்கதானே சார்? இனிஷியல மட்டும் சொல்லுங்க."