கீழே போன தண்ணீர்

கண்ணாடித் தொட்டி ஒன்றில் மாதுளி என்றொரு தங்கமீனும் சேறன் என்றொரு அயிரையும் இருந்தன. தண்ணீர் நாளுக்கு நாள் கலங்கிப்போய், மாதுளிக்கு மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிட்டது.

வீட்டுக்காரர் எட்வின் அக்ரிலிக் பலகைகளை அறுத்து, பசை வைத்து ஒட்டி, தண்ணீரை வடிகட்ட ஒரு பெட்டி செய்தார். அதில் பஞ்சும் கூழாங்கல்லும் நிரப்பி, தொட்டிக்கு அடியில் வைத்துக் குழாயையும் ஒரு மோட்டாரையும் மாட்டினார். உடனே தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கியது.

"ஐயோ சேறா, நம்ம தண்ணி பூரா போகுதே!" என்று அலறியது மாதுளி.

"மணலோட ஒட்டிக்கோ அக்கா. கடைசித் தண்ணி இங்கதான் நிக்கும்."

இரண்டும் ஒட்டிப் படுத்துக்கொண்டன. அப்போது மோட்டார் உறும, மறுமூலையில் தண்ணீர் வந்து கொட்டியது. மாதுளி ஒரு வாய் இழுத்துப் பார்த்தது. நெஞ்சு லேசானது.

"இது எந்த ஊர்த் தண்ணிடா?"

"நம்ம தண்ணிதான் அக்கா. போனதே திரும்பி வருது!"

பொழுது சாய்வதற்குள் கலங்கல் விலகியது. தீனி தூவும் இரண்டு விரல்களைத் தவிர வேறெதையும் கண்டிராத மாதுளி, அன்றுதான் வெளியே பார்த்தது. கன்னத்தில் பசை காய்ந்திருந்த பெரிய முகமொன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருந்தது.

"சேறா, இங்க வாயேன்," என்றது மாதுளி மெதுவாக. "அந்த விரலுக்குப் பின்னால ஒருத்தர் இருக்கார்டா."