கடமைப் பட்டியலில் இல்லாத வேலை

அன்று காலையில் மட்டும் அவர் நாலாவது ஆள்.

“மிஸ், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவீங்களோ? முன்னுக்கு இருக்கிற பிள்ளைதான் உங்களிட்டப் போகச் சொன்னது.”

கட்டைபறிச்சானிலிருந்து வந்திருந்த முத்தன் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். வழமைபோல முழுக்கச் சிங்களம். தேடினாலும் தமிழில் ஒரு சொல் இல்லை.

பஸ்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ் மட்டும் தெரிந்த மனிதருக்குச் சிங்களத்தில் கடிதம் போட்ட திணைக்களத்தில் கோபப்படுவதா, அதைக் கொண்டுவந்து தன் தலையில் கட்டிய ராசமலரில் கோபப்படுவதா? திணைக்களம் கொழும்பில் இருந்தது. ராசமலர் பதினைந்து அடி தள்ளி, இந்த அரசாங்கக் கந்தோரின் வாசல் மேசையில் இருந்தாள்.

“செவ்வாய்க்கிழமை விசாரணையாம். வயல் பேமிட்டைக் கொண்டு வரட்டாம். வராட்டி காணியை வேற ஆளுக்குக் குடுத்திருவாங்களாம்.”

முத்தன் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். செவ்வாய்க்கிழமைதான் தனக்குக் கண் ஒபரேசன் என்றார்.

பஸ்மியா ஒரு தாளை இழுத்து, திகதியை மாற்றித் தரும்படி சிங்களத்தில் எழுதினாள். இனிமேல் இவருக்குத் தமிழில் எழுதவும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, தாள் கிழிகிற மாதிரி அடிக்கோடு போட்டாள். முத்தனிடம் கையெழுத்து வாங்கி, எங்கே தபாலில் சேர்ப்பது என்றும் சொல்லி அனுப்பினாள்.

“மூதூர் மிஸ் தனியாத் தபால் கந்தோர் திறந்திட்டா போல” என்றான் பக்கத்து மேசை அர்ஷாக்.

அது போதுமாயிருந்தது. எழும்பி நேரே பிரதம லிகிதர் முனீப்பின் அறைக்குப் போனாள்.

அவள் பட்டதாரி. வேலை கேட்டு வீதியோரம் கொட்டில் போட்டு, வெயிலிலும் மழையிலும் எழுபது நாள் குந்தியிருந்தவள். முப்பத்தெட்டு வயதில்தான் நியமனம் கிடைத்தது. பதவிக்குப் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த இந்தக் கந்தோருக்கு அவளோடு ஐந்து பேரை அனுப்பினார்கள், கதிரை மூன்று. கதிரை பிடிப்பதற்காகவே மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். வந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கடமைப் பட்டியல் எட்டு மாதமாகியும் மேலிடத்திலிருந்து வரவில்லை.

இதையெல்லாம் முனீப்பிடம் கொட்டினாள். வருகிறவர்களை உரிய ஆளிடம் அனுப்பத்தான் ராசமலரை வாசலில் வைத்திருக்கிறது. அவளோ சிங்களக் கடிதம் என்றால் கையாலும் தொடாமல் தன்னிடம் தள்ளிவிடுகிறாள். ஒரு கந்தோர் உதவியாளர் ஏவுகிற வேலையைச் செய்யவா தான் பேராதனைக்குப் போய்ப் படித்தது என்று கேட்டாள்.

முனீப் பொறுமையாகக் கேட்டார். வாயால் சொல்வதில் பிரயோசனமில்லை, எழுத்தில் தந்தால் ராசமலரை வெருகல் பக்கம் மாற்றிவிடலாம், அங்கே ஓர் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார்.

வீடு இருக்கிற சல்லியிலிருந்து வெருகலுக்குப் போய்வருவதிலேயே ராசமலருக்கு அரைநாள் போகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் வேறு. பஸ்மியாவுக்கு அது தெரியும். தன் மேசையில் இருந்து முறைப்பாட்டை எழுதும்போது பேனை ஓரிடத்தில் நின்றது. பிறகு எழுதி முடித்தாள்.

தாளோடு எழும்பியபோது வாசலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் கடிதமுமாக, பஸ் போய்விடும் என்று பதறிக்கொண்டு நின்றாள். ராசமலர் பஸ்மியாவின் பக்கம் பார்க்கவில்லை. கடிதத்தை வாங்கிச் சிங்களத்தில் கடகடவென்று வாசித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். பஸ்மியாவே தடக்குப்படுகிற கந்தோர்ச் சிங்களம். ராசமலர் ஓரிடத்திலும் தடக்குப்படவில்லை.

அந்தப் பெண் வெளியே போகும்வரை பஸ்மியா காத்திருந்தாள்.

“உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா?”

“ஓம் மிஸ். கட்டுநாயக்கா கார்மென்ஸ் பக்டரியில ஒம்பது வருஷம் வேலை செய்தனான். லைன் ரிப்போட் எல்லாம் நான்தான் எழுதுறது.”

“நான் வர முந்தி இந்தக் கடிதங்களை யாரு வாசிச்ச?”

“நான்தான்.”

அப்படியென்றால் இது சோம்பல்கூட இல்லை. வேண்டுமென்றே செய்தது. ஒரு பட்டதாரியை வேலை வாங்கிப் பார்க்கிற திமிர். பஸ்மியாவின் குரல் உயர்ந்ததில் கந்தோரே திரும்பிப் பார்த்தது.

“தெரிஞ்சிகொண்டே என்னட்ட அனுப்பி, என்ன கூத்துப் பார்த்தீங்க?”

ராசமலர் அவளுடைய கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் தன் பெயர் இருப்பதையும் பார்த்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்கள் வந்த ரெண்டாம் மாசம், மிஸ். ஒருநாள் காலமை ஒம்பதரைக்கே சோத்துப் பார்சலை அவிட்டுச் சாப்பிட்டீங்கள். பசியில இல்லை. செய்ய வேற ஒண்டும் இல்லாமல். அண்டைக்குத்தான் முதலாவது ஆளை உங்களிட்ட அனுப்பினனான்.”