ஹெப்சிக்காக ஒரு முகாம்

சாரணியர் முகாமுக்கு ஹெப்சியை அனுப்ப அவள் அப்பா ஞானதுரை லேசில் சம்மதிக்கவில்லை.

“பாட்டு, கூத்தெல்லாம் எங்க சபைக்கு ஆகாது, டீச்சர்.”

“பாட்டே கிடையாது, அண்ணாச்சி,” என்றாள் வேல்விழி டீச்சர். கயிற்று முடிச்சில் ஹெப்சியை மிஞ்ச ஆளில்லை. அவளை விட்டுவிட்டுப் போக டீச்சருக்கு மனசில்லை.

“தீ மூட்டிச் சுத்தி ஆடுவீகளாமே?” என்றார். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் அவர்.

“மூட்டல.”

“சிரிப்பு, கும்மாளம்?”

“அதட்டி வைக்கிறேன்.”

“அப்பச் சரி. கூட்டிட்டுப் போங்க.”

ஆனைக்குட்டம் அணைக்கரையில் முகாம். சாயங்காலம் பிள்ளைகள் அத்தனை பேரும் கைகட்டி, வாய்பொத்தி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஹெப்சி மெல்ல எழுந்து வந்தாள்.

“முகாம் எப்ப டீச்சர் தொடங்கும்?”

“தொடங்கிருச்சேம்மா. உனக்காகத்தான், உங்க வீடு மாதிரியே நடத்துறேன்.”

ஹெப்சி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதுலருந்து தப்பிக்கத்தான டீச்சர் நான் இதுல சேந்தேன்?”