இஃப் ஐ வாஸ் யூ

தெரபிஸ்ட் மரத்தின் படத்தை மறுபடியும் தூக்கிக் காட்டினாள்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

பக்கவாதம் அவருடைய வலது கையைப் பாதியாவது திருப்பிக் கொடுத்துவிட்டது. பேச்சைத்தான் விடாமல் பிடித்து வைத்திருந்தது.

மற்றவர்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டுவார். பேரன் பெயரைச் சொன்னால் கண் விரியும். ஆனால் சொல் என்று ஒன்றும் வரவில்லை.

இன்றைக்கும் வராவிட்டால், விரலால் தொட்டுக் காட்டும் படப் பலகைக்கு மாறிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் பலகைக்கு ஆர்டரே கொடுத்துவிட்டான்.

மனைவி மட்டும் அசையவில்லை. அவர் பேசுவார் என்று, சாயங்காலம் மழை வரும் என்பதைப் போல, சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது எழுந்து வந்து, தான் கொஞ்சம் பேசிப் பார்க்கலாமா என்று தெரபிஸ்டிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

குரலைச் சற்றுக் கட்டையாக்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்.

"இஃப் ஐ வாஸ் யூ, ஐ வுட் டாக்."

நான் நீங்களாக இருந்தால் பேசிவிடுவேன். அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

அவர் புருவம் சுருங்கியது. தொண்டையில் ஏதோ உருண்டது. உதட்டின் இடது பக்கம் முதலில் அசைந்தது. வலது பக்கம் இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தது.

"வேர்."

தெரபிஸ்ட் எழுந்தே விட்டாள். மரத்தைக் காட்டினால் வேர்வரைக்கும் போய்விட்டாரே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. படத்தை அவர் முன்னால் நீட்டி, இலை எது, கிளை எது என்று கேட்கத் தொடங்கினாள்.

மனைவி படத்தை மெல்ல வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அவர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை, என் இங்கிலீஷைத் திருத்துகிறார் என்றாள்.

இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துச் சொல்லும்போது அந்த இடத்தில் 'வாஸ்' வராது, 'வேர்'தான் வரவேண்டும். நான் எந்தக் காலத்திலும் அவராக ஆக முடியாது இல்லையா, அதனால் என்று விளக்கினாள்.

தெரபிஸ்டுக்கு நம்பிக்கை வரட்டும் என்று அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை அவர் 'யூ' வரைக்கும்கூட விடவில்லை. குறுக்கே விழுந்து, 'வேர்' என்றார்.

தெரபிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இலக்கணம் எடுப்பவர்களே இப்படித்தான், உயிர் போனாலும் பிழை பொறுக்கமாட்டார்கள் என்று சிரித்தாள். சார் எந்தக் கல்லூரியில் இங்கிலீஷ் எடுத்தார் என்றும் கேட்டாள்.

"அவர் லிஃப்ட் மெக்கானிக்மா. இங்கிலீஷ் டீச்சர் நான்."

எதற்கு யோசனை சொன்னாலும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்கப் போனாலும் சரி, மகனைக் காலேஜில் சேர்க்கப் போனாலும் சரி, 'இஃப் ஐ வாஸ் யூ'. அவள் உடனே 'வேர்' என்பாள். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த தடவை மறுபடியும் 'வாஸ்' என்பார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் புரியவைத்ததை இந்த ஒரு மண்டையில் ஏற்ற முடியவில்லையே என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவர் குரலில் அவர் வாக்கியத்தையே சொன்னால் கோபமோ சிரிப்போ ஏதாவது ஒன்று வெளியே வரும் என்றுதான் இன்றைக்குச் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய பதில் அவர் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

இதையெல்லாம் தெரபிஸ்டிடம் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, தெரிஞ்சேதான் இத்தனை வருஷமும் தப்பா சொன்னீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பு இருக்காது.