திரும்பாத தடம்

எண்ணூரில் ராத்திரி முழுக்க அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழும். விடிந்தால் மொட்டைமாடியில் காக்கா நடந்த தடம்கூடத் தெரியும்.

ஐரீன் கண் விழித்தபோது கட்டிலோரம் வாக்கர் இல்லை. நரம்பைத் தின்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் முற்றியதிலிருந்து அது இல்லாமல் அவள் பாத்ரூமுக்குக்கூடப் போனதில்லை. மாடி ஏறி வருஷக்கணக்காகிறது. உள்ளங்காலில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

"யோவ், வாக்கர எங்க வெச்ச?"

புருஷன் ஸ்டானிஸ்லாஸ் வீடெல்லாம் தேடிவிட்டு மாடிக்குப் போனான். இறங்கி வர நேரமானது. வந்தவன் கதவோரமே நின்றுவிட்டான்.

"மாடில உன் தடம் கீது. வாக்கர் ஊனுன நாலு நாலு புள்ளி, பக்கத்துல நீ வலது கால இஸ்துகினு போற கோடு. கைப்பிடிச் சுவர் வரைக்கும் போவுது."

"அப்பறம்?"

"திரும்பி வர்ல."

"கீழ எட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணியும் இல்ல. வாக்கரும் இல்ல."

"பயமா கீதுயா. கை குடு, எந்திரிக்கிறேன்."

தினமும் அவளைத் தூக்கி நிறுத்தும் கை இன்று நீளவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐரீன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தானே காலைக் கீழே ஊன்றினாள்.

"ஐய, தரை இன்னா இப்டி ஜில்லுனு கீது!"

ஸ்டானிஸ்லாஸ் ஓரடி பின்னால் வைத்தான்.