இறங்காத கோடு

"யாரை ஏமாத்தற? என்னையா, கணக்கையா?"

தீனதயாளன் சார் போட்ட சத்தத்தில் ஏழாம் வகுப்பே கப்சிப்.

ராதிகா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் வரைந்த வரைபடம் சார் கையில் படபடத்தது.

சாருக்கு ஏற்கெனவே மனசு ஒரு நிலையில் இல்லை. அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிள் மிதித்து, மரம் கிடந்த இடத்தில் சைக்கிளையே தோளில் தூக்கிக்கொண்டு தாண்டி, கச்சிராயபாளையம் பக்கத்திலிருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்து பார்த்தால் பாதிப் பிள்ளைகள் இல்லை. எப்போது லீவு விடுவார்கள் என்றும் தெரியாது. இருக்கிற நாளில் பாடத்தை முடித்துவிட வேண்டுமென்று மனுஷர் பறந்துகொண்டிருந்தார்.

பாடம் என்னவோ நல்ல பாடம்தான். முதுமையை வைத்து அறிவியலையும் கணக்கையும் சேர்த்து நடத்தினார். மஞ்சப்பையில் ஒரு செங்கல்லைப் போட்டு, கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். கை இறங்கும்வரை எண்ண வேண்டும். இளவட்டம், நடுவயசு, கிழடு என்று எல்லோரையும் சோதித்து, சராசரி போட்டு, வரைபடம் வரைய வேண்டும். வயசு ஏற ஏறக் கோடு இறங்கும். தசை ஏன் தளர்கிறது என்று அங்கிருந்து அறிவியல் ஆரம்பிக்கும்.

எல்லோருடைய கோடும் ஒழுங்காக இறங்கியிருந்தது. ராதிகாவின் கோடு மட்டும் ஏரித் தண்ணீர் மாதிரி சமமாகக் கிடந்தது.

"நீ யார் யாரை அளந்த?"

"எங்க கரும்புத் தோட்டத்துல வேலை செய்றவங்கள சார்."

"அந்தக் கிழவி இருசம்மாளுமா இதுல இருக்கு?"

"ஆமா சார்."

"அந்தம்மா தெனம் பைப்படியில குடத்தத் தூக்கிவுட ஆள் தேடிக்கினு நிக்குது. நானே தூக்கிவுட்டிருக்கேன். அது சின்னப் பொண்ணுக்குச் சமமா செங்கல்லப் புடிச்சுதா?"

சார் வரைபடத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நெலக்காரர் வூட்டுப் பொண்ணு. அவங்க தெருவுக்குப் போனா காலு தேஞ்சுடும். வூட்டுல குந்திக்கினே எழுதிட்ட. அப்படித்தானே?"

பின் வரிசையிலிருந்து செவ்வந்தி எழுந்தாள். அவள் இருசம்மாள் தெருக்காரி.

"இல்ல சார். இவ வந்தா. எல்லாரையும் இவளேதான் அளந்தா. எங்க அம்மாவக்கூட."

"அப்ப இருசம்மா எவ்ளோ நேரம் புடிச்சுது, சொல்லு."

செவ்வந்தி ராதிகாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நேரம் சார்."

"கூட்டுக் களவாணிங்களா!"

சாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு புள்ளி நூல் பிசகினால்கூட அழித்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறவர் அவர். தப்பாக வந்தால் பொறுத்துக்கொள்வார், பொய்யாக வந்தால் விடமாட்டார்.

"நாளைக்கு உங்கப்பாவக் கூட்டிக்கினு வா."

ராதிகாவின் முகம் வெளுத்துப்போனது.

"வேணாம் சார். அடிங்க சார். நாள் பூரா முட்டி போடறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க சார்."

"அப்பான்னா பயம் இருக்குதுல்ல? அப்ப கண்டிப்பா சொல்லித்தான் ஆவணும்."

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே ராதிகாவின் அப்பா பொன்னுரங்கம் வந்துவிட்டார். மறியலிலிருந்து நேரே வந்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"நமக்குச் சேரவேண்டிய பங்க நாமதான சார் கேக்கணும்? வுடமாட்டோம்" என்றபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னா சார், பொண்ணு படிக்கலியா?"

சார் வரைபடத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"படிப்புக்கு ஒண்ணும் குறையில்லீங்க. ஆனா இந்த செங்கல் சோதனையில..."

"அட, நானே அதப் பத்தி உங்கள கேக்கணும்னு இருந்தேன் சார்!" பொன்னுரங்கம் முந்திக்கொண்டார். "மறியல்ல லாரி ஓடல. கரும்பு ஆலைக்குப் போவல. அத்தினி பேருக்கும் எதுக்கு வேலை குடுக்கணும்? தெம்பு கம்மியா இருக்கிற கிழங்கட்டைங்கள நிறுத்திடலாம்னு பாத்தேன். யாருக்குத் தெம்பு இருக்குது, யாருக்கு இல்லன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? அந்த நேரம் பாத்து நீங்க இந்தப் பாடம் நடத்துனீங்க. நம்ம ஆளுங்களையே அளந்துகினு வாம்மான்னு நான்தான் இவள அனுப்பிச்சேன்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தா எல்லாம் ஒரே மாதிரி தம் கட்டுதுங்க! அந்த இருசம்மாகூட! யாரன்னு நிறுத்தறது? அளவு மட்டும் சரியில்லன்னா சொல்லிடுங்க, இன்னிக்கே அதுங்கள வூட்டுக்கு அனுப்பிடறேன். நீங்க பொய் சொல்லாத மனுஷன். நீங்க சொன்னா போதும், வேற யாரையும் கேக்கமாட்டேன். அளவு சரிதானா சார்?"

வாசலில் ராதிகா நின்றிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சார் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று அவளைப் பேசிய பேச்செல்லாம் சாருக்கு நினைவுக்கு வந்தது. மேசைமேல் கிடந்த வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரிதாங்க. பக்கத்துலயே நின்னு நான்தான் எண்ணினேன்."